மேலே பார்க்கிற மீன்

ராய்ஸ் டில்லார்டுக்கு ஐம்பத்தொரு வயதில்தான் கல்யாணம் ஆனது. பெண் வீட்டார் மீன்பிடிக்கிற வம்சம். அவர் பட்ட பாடெல்லாம் இந்த இரண்டு வரியிலேயே அடங்கிவிடும். ஆனால் அவ்வளவு சுருக்கமாக யார் கதை கேட்கிறார்கள்?

மிசிசிப்பியின் வடக்கே, டாலூசா ஏரிக்கரையில், பெண் வீட்டாரான ஸ்ட்ரிக்லன் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூக்கிற நாளில் கிராப்பி மீன்கள் முட்டையிடக் கரையோரம் வரும். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை குடும்பம் முழுவதும் பெண்ணின் அண்ணன் ஹோலிஸ் வீட்டுக் கொல்லையில் கூடும். கொப்பரையில் எண்ணெய் காயும், சோளமாவில் புரட்டிய மீன் பொரியும். அவரவர் பிடித்த மீனை அவரவர் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த ஆண்பிள்ளை கொப்பரையைச் சுற்றி நிற்கலாம், ஜல்லிக்கரண்டி பிடிக்கலாம், வாய்க்கு வந்தபடி புளுகலாம். கொண்டுவராதவன் மரத்தடி மேசையில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் நறுக்க வேண்டும்.

ராய்ஸ் மூன்று வருஷம் முட்டைக்கோஸ் நறுக்கினார். நன்றாகவே நறுக்கினார். முப்பது வருஷம் சோபா கம்பெனியில் துணி வெட்டிய கை, பிசிறு தட்டாது. ஆனால் அவர் கண் என்னவோ கொப்பரைப் பக்கமே இருந்தது. கூடப்பிறந்தவர்கள் கிடையாது, அப்பாவைப் பார்த்ததில்லை, அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறையில் அவரும் பாதிரியாரும்தான் நின்றார்கள். நெட்டியைக் கட்டிக்கொண்ட பிறகுதான் குடும்பம் என்று ஒன்று வாய்த்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவனாக ஒருநாள் கொப்பரைப் பக்கத்தில் நின்றுவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

மீன்பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நெட்டியின் அண்ணன் ஹோலிஸ். அவனை அவன் என்றுதான் சொல்லப்போகிறேன், மரியாதை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"மாப்ளே, நல்லாக் கேட்டுக்க," என்றான் முதல் வருஷமே, படகின் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு. "மீன் கெடக்குறது சேத்துல. உன் தூண்டில் தரையத் தொடணும். தொடலைன்னா நீ வெறும் தண்ணியப் பிடிச்சிக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம்."

"நீங்க மேலாப்புல போடுறீங்களே மச்சான்?"

"நான் முன்சீட்டு. என் தூண்டில் விழுற சத்தத்துல மீனெல்லாம் அடிக்கு ஓடிரும். பின்சீட்டுக்காரன் அடியிலதான் தேடணும். சோபா தைக்கத் தெரிஞ்சா போதுமாய்யா?"

ராய்ஸ் சிரித்தார். கேட்டது நியாயமாகத்தான் பட்டது. இரைக்கு வேண்டிய உயிர்ப்பொடிமீனை ஹோலிஸே வாங்கி வந்து இவருக்கென்று தனி வாளியில் கொடுப்பான். கட்டைவிரல் நீளத்துக்குக் கொழுகொழுவென்று இருக்கும். "பெரிய இரைக்குப் பெரிய மீன்" என்பான். ஜிக் போடுகிற நாளில் அதற்கும் பாடம் இருந்தது. ஜிக் என்பது ஈயத்தலையும் இறகு வாலும் வைத்த தூண்டில் முள். "ஆட்டிக்கிட்டே இரு மாப்ளே, ஒரு நிமிஷம் சும்மா வச்சிராத. மீன் இழுத்துச்சுன்னா பல்லக் கடிச்சிக்கிட்டு ஒரே வெட்டா வெட்டி இழு!"

ராய்ஸ் அப்படியே செய்தார். தரையைத் தொட்டார், ஆட்டினார், வெட்டினார். எப்போதாவது ஒரு மீன் கடிக்கும். வெட்டுகிற வேகத்தில் அறுந்துபோய் முள்ளில் உதட்டுத் தோல் மட்டும் வரும். முன்சீட்டில் ஹோலிஸ் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிக்கொண்டிருப்பான். "கை ராசி மாப்ளே, கை ராசி. யாரு என்ன பண்ண முடியும்!"

இரண்டாம் வருஷம் ஒருநாள் வெறும் பெட்டியோடு வீடு திரும்பிய ராய்ஸ் அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்: "நெட்டி, நிஜமாவே என் கையில ராசி இல்லையா? சின்ன வயசுலேருந்தே எதைத் தொட்டாலும் இப்படித்தான் ஆகுது."

நெட்டி அவர் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டாள். "அப்படியெல்லாம் பேசாதீங்க. அடுத்த தடவ கட்டாயம் கெடைக்கும்." அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் இன்னொரு வருஷம் ஏரிக்குப் போனார்.

நான்காவது வசந்தம். விருந்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஹோலிஸ் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கிப் படுத்துவிட்டான். ராய்ஸ் முந்தின குளிர்காலத்தில் ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கி வைத்திருந்தார். அதை வண்டியில் கோத்துக்கொண்டு தனியாகவே கிளம்பினார். இரை வாங்க ஏரிமுனைக் கடைக்கு முதன்முதலாகத் தானே போனார்.

கடைக்காரி கிளாரிஸுக்கு நாற்பது வயதிருக்கும். கை முழங்கை வரை தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தது.

"பெரிய பொடிமீனா குடும்மா, இருக்கறதுலயே பெரிசா."

"கெளுத்திக்கா அண்ணே?"

"இல்ல, கிராப்பிக்கு."

கிளாரிஸ் வலையைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க ஹோலிஸோட தங்கச்சி வீட்டுக்காரர்தானே? அப்ப அவர் ரெண்டு வாளி வாங்குறது... சின்னது தனக்கு, பெரிசு தனியான்னு கேட்டு வாங்குவாரே. நான் கெளுத்திக்குன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

ராய்ஸ் தொட்டியில் நீந்துகிற பொடிமீன்களைப் பார்த்தார். அவளே தொடர்ந்தாள்.

"ஆழம் எவ்வளவு வைக்கிறீங்க?"

"தரையில."

"ஐயோ அண்ணே!" என்று வாய்விட்டுச் சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "கிராப்பிக்குக் கண்ணு உச்சந்தலைகிட்ட இருக்கு. மேலதான் பார்க்கும், கீழ பார்க்கவே பார்க்காது. இரை அது தலைக்கு ஒரு சாண் மேல தொங்கணும். இப்ப அடிமரக்கட்டை ஓரமா மூணடித் தண்ணியில நிக்குது. மிதவைய ரெண்டடியில வைங்க. இதோ, இந்தச் சின்னதுதான் சரி. முதுகுத் துடுப்புக்குக் கீழ லேசாக் குத்துங்க, உயிரோட நீந்தணும். ஜிக்குன்னா நூலக் கட்டின பிறகு தண்ணியில மீன் நீந்துற மாதிரி படுத்தவாக்குல தொங்குதான்னு பாருங்க. ஆட்டாதீங்க, கை சும்மா இருந்தாப் போதும். கடிச்சா வெட்டவே கூடாது. அதுக்கு வாய் காகிதம் மாதிரி, கிழிஞ்சிரும். சும்மா தூக்குங்க."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"இந்த ஏரியில படகு எறக்கின மொத நாளே தெரிஞ்சிரும் அண்ணே."

அன்று காலை வெயில் இதமாக இருந்தது. கலங்கல் தண்ணீரில் மரக்கட்டைகள் தலைகாட்டிக்கொண்டு நின்றன. ராய்ஸ் மிதவையை இரண்டடியில் வைத்து முதல் கட்டை ஓரமாக இறக்கினார். மிதவை ஒருமுறை துள்ளி, பக்கவாட்டில் நகர்ந்து, காணாமல் போயிற்று. பல்லைக் கடிக்காமல் மெல்லத் தூக்கினார். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பும் வெள்ளியுமாகப் புள்ளி போட்ட மீன் வளைந்துகொண்டு வெளியே வந்தது.

அவருக்குச் சந்தோஷமே வரவில்லை. வரும் என்றுதான் காத்திருந்தார். இரண்டாவது மீன், நான்காவது, ஒன்பதாவது. ஒவ்வொன்றும் பளாரென்று கன்னத்தில் விழுந்த அறையாக இருந்தது. பின்சீட்டுக்காரன் அடியில் தேட வேண்டும். பெரிய இரைக்குப் பெரிய மீன். கை ராசி. மூன்று வருஷம் ஒருத்தன் முகத்துக்கு நேரே பார்த்துக் காதில் பூச்சுற்றியிருக்கிறான், இவரும் அதைத் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார். ஏன்? அந்த ஆளுக்கு இவர் என்ன கெடுதல் செய்தார்? பதினோராவது மீனைப் பெட்டியில் போட்டுவிட்டு, யாரும் இல்லாத ஏரியின் நடுவில் கொஞ்ச நேரம் வாய்விட்டு அழுதார்.

வீட்டில் நெட்டியிடம் சொல்லவில்லை. மீனைச் சுத்தம் செய்து ஐஸ்பெட்டியில் அடுக்கினார். குடும்பத்தின் முன்னால் வைத்துத்தான் கேட்க வேண்டும், நெட்டிக்கும் தன் அண்ணனின் லட்சணம் தெரியட்டும் என்று நினைத்தார். நெட்டி தன் பக்கம் நிற்பாள் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை. அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

சனிக்கிழமை கொல்லையில் முப்பது பேர் இருந்தார்கள். ராய்ஸ் நேரே கொப்பரைக்குப் போய்ப் பெட்டியை ஹோலிஸின் காலடியில் இறக்கி மூடியைத் திறந்தார்.

"மச்சான், இதெல்லாம் ரெண்டடியில பிடிச்சது. சின்ன இரையில."

ஹோலிஸ் முகம் வெளிறும் என்று எதிர்பார்த்தார். ஹோலிஸ் வீங்கிய கன்னத்தோடு இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்: "கண்டுபிடிச்சிட்டான்டோய்! மாப்ள கண்டுபிடிச்சிட்டான்!"

கொல்லை முழுக்கக் கைதட்டல். ஒருவர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். நெட்டியின் அக்கா புருஷன் டெல்பர்ட் ஓடிவந்து முதுகில் தட்டினான். "எனக்கு ரெண்டே வாரம்தான் ஆச்சு. நீ மூணு வருஷம்! உன்னை எவனாலயும் அடிச்சிக்க முடியாதுய்யா!"

"எங்கப்பா காலத்துலேருந்து வீட்டுக்கு வர்ற மருமகனுக்கெல்லாம் இதான் மொத பாடம்," என்றான் ஹோலிஸ், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு. "எல்லாத்தையும் தலைகீழாச் சொல்லிக் குடுப்போம். ரெண்டு தடவ வெறுங்கையோட வந்தா எவனுக்கும் சந்தேகம் வந்துரும். பக்கத்துப் படகுல கேட்டுட்டு வந்து எங்களத் திட்டுவான். நீ கேக்கவே இல்லையேப்பா! நாங்க என்ன பண்றது?"

"உங்கள நம்பினேன் மச்சான்," என்றார் ராய்ஸ். "வேற ஒருத்தர்கிட்டப் போய்க் கேட்டா உங்களச் சந்தேகப்படுற மாதிரி ஆகுமேன்னு கேக்கல."

ஹோலிஸ் குனிந்து கொப்பரையில் ஒரு மீனைத் திருப்பிப் போட்டான். எண்ணெய் சடசடத்தது. பிறகு, "சரி சரி, இந்தா, பிடி" என்று ஜல்லிக்கரண்டியை நீட்டினான்.

ராய்ஸ் அதை வாங்கவில்லை. மரத்தடி மேசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே எல்லாரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நெட்டியும்தான். பெரிய சங்கதி ஒன்று கடைசியில் நல்லபடியாக முடிந்த நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. அவர் பார்ப்பதைக் கண்டதும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்ட்ரிக்லன் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு ஸ்ட்ரிக்லன் வீட்டு வழக்கம் தெரியாமல் இருக்குமா?

"நீங்களே பொரிங்க," என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்தார். சாப்பிட வரச்சொல்லி இரண்டு பேர் வந்து கூப்பிட்டார்கள். பசியில்லை என்றார். ஒரு மணி நேரம் கழித்து நெட்டி வந்து ஏறிக்கொண்டாள், மடியில் ஒரு தட்டு மீனோடு.

பாதி தூரம் போயாயிற்று.

"சிரிப்புக்குத்தான் ராய்ஸ்," என்றாள். "மொத வருஷமே சொல்லிரணும்னு பார்த்தேன். நீங்க ஒவ்வொரு தடவையும் அவ்வளவு ஆசையா கெளம்பிப் போவீங்க. நாள் போகப் போக எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அண்ணனும் வாயத் தொறக்காதேன்னுட்டான்."

"அடுக்களையில உக்காந்து என் ராசியப் பத்தி உன்கிட்டக் கேட்டேனே. அன்னைக்கும் தெரியுமா?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தாள்.

ராய்ஸ் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். ஏரி பின்னால் போய், பருத்திக் காடுகள் வந்தன.

"ரொம்பக் கோபமா?" என்றாள்.

"கோபமில்ல. யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

"என்ன?"

"கல்யாணமான நாள்லேருந்து நீ என்கிட்டச் சொன்னதையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்குறேன். எது நிஜம், எது சிரிப்புக்குன்னு. இன்னும் மொத வருஷமே முடியல."

நெட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அதையும் அவர் எடுத்து உரசிப் பார்ப்பார் என்று தெரிந்து, சொல்லாமலே உட்கார்ந்திருந்தாள்.