வரைவுக்குழுவில் மிஞ்சியவன்

எனக்கு வாய் நீளம். அது ஊரறிந்த சங்கதி. சாணார்பட்டிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். அரசியலமைப்பு நாளுக்கு நாடகம் போடலாம் என்று தலைமையாசிரியர் சார்லஸ் சாரிடம் சொன்னதும் இந்த வாய்தான். அரசியல் நிர்ணய சபை, அதில் சட்டத்தை எழுதிய ஏழு பேர் வரைவுக்குழு, இதுதான் கதை. வேடத்துக்குச் சண்டை வரக்கூடாதென்று சீட்டுக் குலுக்கினேன். நீலக் கோட்டும் கண்ணாடியும் போட்ட குழுத் தலைவர் வேடம் ஒன்பதாம் வகுப்பு மதன்குமாருக்கு விழுந்தது. பையனுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே அவன் அப்பா வீரப்பன் வந்து நின்றார். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். குரலை உயர்த்தவே இல்லை.

“காலனிக்காரங்க கும்புடுற தலைவரு வேசம் எங்க வீட்டுப் பிள்ளைக்கா, டீச்சர்?”

“நீங்க ஓட்டுப் போடுறதும் அவரு எழுதுன சட்டத்தாலதான். சீட்டுல விழுந்தத மாத்த மாட்டேன்.”

“மாத்த வேணாம். பிள்ளைய நான் பாத்துக்கிறேன்.”

சிரித்தபடியே போய்விட்டார். என்னை மிரட்டியிருந்தால் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் பெற்ற மகனையல்லவா சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஒத்திகைக்கு ஒருவன் வரவில்லை. அம்மை என்றார்கள், அவன் தெருவில் சைக்கிள் விட்டதை நானே பார்த்தேன். இன்னொருவன் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறான், வேடம் கட்டக்கூடாதாம். குழுவில் இன்னொரு வேடம் விழுந்த பிரின்ஸின் அம்மா, மாதாகோயிலில் பூசை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்க கட அவரு கட்டடத்துல இருக்கு, டீச்சர். தப்பா நெனைக்காதீங்க.” மற்றவர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை.

அசல் குழுவிலும் இப்படித்தான் நடந்தது. ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், சிலர் தில்லிப் பக்கமே சரியாக வரவில்லை. மொத்தப் பாரமும் தலைவர் தலையில் விழுந்தது. வருடா வருடம் வகுப்பில் அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறவள் நான். இப்போது சிரிப்பு வரவில்லை.

மதனைத் தனியே கூப்பிட்டேன். கண்ணோரம் வீங்கியிருந்தது.

“கீழ விழுந்துட்டேன், டீச்சர்.”

“விட்டுருவோம் அப்பு. பொல்லாத நாடகம்.”

“நீங்களும் வெலகிட்டா எப்புடி, டீச்சர்?”

ஆனாலும் நாடகத்தை எடுத்துவிடுங்கள் என்று நானே சார்லஸ் சாரிடம் சொன்னேன். பயம்தான், வேறென்ன? பிள்ளை முழுசாக இருந்தால் போதும் என்றிருந்தது.

விழா நாளில் எல்லோரும் கையை நீட்டி முகப்புரையை வாசித்து முடித்தோம். முன்வரிசையில் வீரப்பனும் கையை நீட்டியிருந்தார். கூட்டம் உட்கார்ந்தது; மதன் உட்காரவில்லை. நேரே மேடையேறினான். கோட்டில்லை, கண்ணாடியில்லை. சட்டம் நிறைவேறுவதற்கு முந்தைய நாள் தலைவர் சபையை எச்சரித்த பேச்சைக் கடகடவென்று சொன்னான். ஓட்டில் சமம், வாழ்க்கையில் சமமில்லை, இந்த முரண்பாட்டைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால் கட்டியதெல்லாம் இடிந்துவிடும் என்று சொல்லி இறங்கினான்.

முதலில் கைதட்டியது வீரப்பன்தான்.

“என்னா ஞாபகசக்தி,” என்றபடி மகனின் பிடரியில் கைவைத்து நடத்திப் போய் வண்டியில் ஏற்றினார். அவர்கள் வீடு இடப்பக்கம். வண்டி வலப்பக்கம், ஆள் நடமாட்டமில்லாத கிணற்றுத் தோட்டத்துக்குப் போகும் மண்பாதையில் திரும்பியது.

“சார், போலீசுக்குச் சொல்லுங்க. எந்திரிங்க,” என்றேன் சார்லஸ் சாரிடம்.

“கேட்டுக்கு வெளிய நடக்குறது நம்ம சோலி இல்ல, டீச்சர். அப்பன் பிள்ளை சமாச்சாரம்.”

“அப்ப இம்புட்டு நேரம் கைய நீட்டி என்னத்தய்யா வாசிச்சோம்?”

ஸ்கூட்டியைக் கிளப்பினேன். மண்பாதையில் புழுதி இன்னும் அடங்கவில்லை. பின்னால் ஒரு வண்டிச் சத்தமாவது கேட்காதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை.