வெட்டிப் போட்ட முள்

கொரோனா ஊரடங்கு நாளில், அதுவும் கோடை நெல் பால் பிடிக்கிற நேரம் பார்த்து, ராம்கியின் மோட்டார் புகைந்தது. கொட்டகைக்குள் கருகல் நாற்றம் குப்பென்று அடித்தது. ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தான். ம்ஹூம். உள்ளே சுற்றியிருந்த காயில் கம்பி எரிந்து போய்விட்டது. மேட்டூர் அணை திறக்க இன்னும் எத்தனையோ நாள் கிடந்தது. அதுவரைக்கும் பயிருக்கு போர்வெல் தண்ணீர்தான் கதி. இந்தப் பருவத்தில் வயல் காய்ந்தால் கதிர் பூராவும் பதராகிவிடும். அறுத்து மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.

மோட்டார் மெக்கானிக் இல்லாத சீமையா என்று கேட்பீர்கள். இருந்தார், ஜெய்னுலாபுதீன் பாய். பூதலூரில் சொந்தப் பட்டறை. ஊரடங்கிலும் அவர் வேலைக்குப் போகலாம். விவசாய மோட்டார் பழுது பார்ப்பவர் என்று தாலுகா ஆபீசில் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். மொபெட்டின் முன்னால் ஒட்டி வைத்திருந்தார். ஒரு போன் போட்டால் வந்துவிடுவார். அந்த ஒரு போனைப் போடத்தான் ராம்கிக்குக் கை வரவில்லை.

எப்படி வரும்? செய்து வைத்திருந்த காரியம் அப்படி.

ஊரடங்கு போட்ட கையோடு, வெளியாள் வராதபடி ஊர்ப் பையன்கள் ரோட்டு முனையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டார்கள். பக்கத்தில் ஒரு வாளியில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும். இதற்கெல்லாம் தலைவர் நம்ம ராம்கி. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யார் உள்ளே வரலாம், யார் கூடாது என்று தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்துவிட்டான். பால் வண்டியை விட்டான். சிலிண்டர்காரரை விட்டான். தஞ்சாவூரிலிருந்து மாமனார் காரில் வந்தபோது, அடேயப்பா, முள்ளை அவனே ஓடிப்போய் இழுத்து வழிவிட்டான்.

பாய் வந்ததும் அந்த வாரத்தில்தான். கூப்பிட்டது வைரக்கண்ணு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டிருந்தவர். அவர் மோட்டாரும் இதே மாதிரிதான் எரிந்து போயிருந்தது. அக்கம்பக்கத்து மோட்டார் தண்ணீர் எதுவும் அந்த மேட்டுக்கு ஏறாது.

“உள்ள போக முடியாது பாய்,” என்றான் ராம்கி, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே.

“வைரக்கண்ணு வரச் சொன்னாரு தம்பி. பயிர் காயுதாம். பர்மிஷன் இருக்கு, இந்தா பாருங்க.”

“கவர்மெண்ட் வுடும். ஊரு வுடாது.”

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போகிறது, பயத்தில் சொன்னான் என்று விட்டுவிடலாம். சுற்றி நாலு பையன்கள் நின்றார்கள். செல்போனில் என்னென்னவோ புளுகு சுற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பையன்கள் முன்னால் கெத்துக் காட்ட வேண்டாமா?

“ஒங்க ஆளுங்களாலதான பாய் எல்லா எடத்துலயும் பரவுது?”

சொன்னது ராம்கியின் வாய். போன தீபாவளியன்று இவன் மோட்டார் நின்றபோது, மழையில் நனைந்துகொண்டே வந்து ஓடவைத்துக் கொடுத்த மனுஷனைப் பார்த்துச் சொன்னது. இவன் வீட்டில் உட்கார்ந்து அதிரசம் தின்றுவிட்டு, இவன் மனைவி ஷோபனாவிடம் ‘பாகு பதம் நல்லாருக்கும்மா’ என்று சொல்லிவிட்டுப் போன மனுஷனைப் பார்த்து. பையன்கள் சிரித்தார்கள். பாய் மொபெட்டைத் திருப்பினார். திருப்பும்போது வண்டி ஒருபக்கமாகச் சாயப் பார்த்தது. ராம்கி அதையும் பார்த்தான்.

சாயங்காலம் வைரக்கண்ணு வந்து நின்றார்.

“பாய எப்பத் தம்பி உள்ள வுடுவீங்க?”

“ஊர்க் கட்டுப்பாடுண்ணே. ஒருத்தருக்காக மாத்த முடியாது.”

“சரி தம்பி,” என்று போய்விட்டார். அவரும் அவர் மனைவி ராசம்மாளும் வாய்க்கால் குட்டையிலிருந்து குடம் குடமாக மொண்டு ஊற்றினார்கள். குடத்துத் தண்ணீரில் நெல் விளையுமா? குட்டையும் வற்றியது, பயிரும் போனது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இப்போது ராம்கிக்கு வந்திருக்கிறது.

“போன் பண்ணப் போறீங்களா, இல்ல வரப்புல குந்திப் பயிர் சாவறதப் பாக்கப் போறீங்களா?” என்றாள் ஷோபனா. “அன்னைக்கு அந்த மனுஷன அப்படிப் பேசினீங்கன்னு பையனுங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். தூ! எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுன்னு யோசிக்கிறீங்களா? அந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத்தான் கேக்கணும்.”

கேட்டான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் எண்ணை அழுத்தினான். அந்தப் பக்கம் “சொல்லுங்க தம்பி” என்ற குரல் வந்தது. மோட்டார் எரிந்ததை மட்டும் சொன்னான். தன்னை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

“செஞ்சு தாரேன் தம்பி,” என்றார் பாய். “ஆனா ஊருக்குள்ள வரல. எம் பொண்டாட்டி பாத்திமா அன்னையிலேருந்து பயந்து போயிருக்கா. அந்த ஊருக்கு மட்டும் போகாதீங்கன்னு தலையில அடிச்சுக்குறா. மோட்டாரக் கழட்டி முள்ளுகிட்ட கொண்டாந்து வைங்க. நான் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயி காயில் சுத்திக் கொண்டாறேன்.”

மோட்டார் ஒற்றை ஆள் தூக்குகிற சாமானா? ராம்கி பையன்களைக் கூப்பிட்டான். ஒருத்தனுக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. ஒருத்தனை அம்மா வெளியே விடவில்லை. முள்ளுக்குப் பக்கத்தில் கூடி நின்று சிரித்த கூட்டத்தில் ஒருத்தனும் அகப்படவில்லை. கொட்டகை வாசலில் கழற்றிப் போட்ட மோட்டாரோடு தனியாக நின்றான்.

அப்போது வரப்பு மேல் வைரக்கண்ணு வந்தார். தலையில் ஒரு கட்டுப் பயிர். தன் வயலில் காய்ந்ததைத்தான் மாட்டுக்காக அறுத்து வருகிறார் என்று ராம்கிக்குத் தெரிந்தது. குனிந்து ஸ்பேனரைத் தேடுவதுபோல் பாசாங்கு செய்தான். அவர் கட்டை இறக்கிப் போட்டார்.

“கழி இருக்கா தம்பி? கயிறு போட்டுக் கட்டுங்க. நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்.”

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பயிர் தண்ணீரில்லாமல் நிற்கிறதே! மூங்கில் கழியில் மோட்டாரைத் தொங்கவிட்டு, அவர் முன்னால், இவன் பின்னால், தெரு வழியாகவே போனார்கள். சன்னலுக்குச் சன்னல் தலைகள் தெரிந்தன. வழியெல்லாம் வைரக்கண்ணுவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டி இருந்தது. ஏதாவது திட்டமாட்டாரா என்றிருந்தது. அவரோ, பள்ளம் வந்தால் “பாத்துத் தம்பி” என்று மட்டும் சொன்னார்.

முள்ளுக்கு அந்தப் பக்கம் பாய் முகக்கவசம் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். ராம்கி முள்ளை இழுத்தான். கை கிழிந்தது. மோட்டாரை மொபெட்டில் ஏற்றிக் கட்டியதும், “பாய், அன்னைக்கு நான்…” என்று ஆரம்பித்தான்.

“நாளைக்குச் சாயந்தரம் இதே எடத்துக்கு வந்துடுங்க தம்பி,” என்றார் பாய். பிறகு வைரக்கண்ணுவிடம் திரும்பினார். “ஒங்க மோட்டாரு என்னாச்சுண்ணே? இதோட சேத்து அதையும் சுத்தித் தாரேன்.”

“இனிமே என்னத்துக்கு பாய்? அறுத்தாச்சு.”

பாய் வண்டியைக் கிளப்புமுன், ராம்கி இழுத்துப் போட்டிருந்த முள்ளைத் தானே எடுத்து, பழையபடி வழியை அடைத்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது வெறுங்கழியைத் தோளில் வைத்துக்கொண்டு வைரக்கண்ணு முன்னால் நடந்தார். பாதி வழியில் நின்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஏந் தம்பி, பாய் உள்ள வரவேணாம், மோட்டார இங்க கொண்டாந்து குடுத்தாப் போதும்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நானும் எம் பொண்டாட்டியும் தூக்கியாந்திருப்போமே?”

அன்றைக்கு அது ராம்கிக்குத் தோன்றவே இல்லை. அப்படி ஒரு வழி தேட வேண்டும் என்று அவன் நினைக்கவும் இல்லை. வைரக்கண்ணு, மாடு பசியோடு நிற்கும் என்று சொல்லி, வரப்பில் கிடந்த பயிர்க் கட்டை எடுக்கப் போனார்.