நார்மல் அளவு

கடைசிக் குடத்துத் தண்ணீரில் உமைமா கற்பூரத்தை நுணுக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஜியாவுல்லா மாமு மறுபடியும் கதவைத் தட்டினார்.

"உமைமா, அம்மியோட சைட்டேஷன் இப்ப எவ்ளோ?"

"குளிப்பாட்டிக்கிட்டு இருக்கோம் மாமு."

"நம்பர் மட்டும் சொல்லும்மா. தூக்கறதுக்கு முன்னாடி நாலு வார்த்த பேசணும்."

மையித்தைக் குளிப்பாட்ட வந்திருந்த ஹலீமா பீ உதட்டைப் பிதுக்கினாள். உமைமா உயிர் போன அம்மியின் தலையைத் தாங்கிப் பிடித்தாள். விடிந்ததிலிருந்து அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும்போல் இருந்தது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. இந்தத் தலையைப் பிடித்திருக்கும்வரைதான் நிற்க முடியும் என்று தோன்றியது.

உமைமாவின் தாய், அம்மி குர்ஷித், வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தோல் தொழிலாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தவர். அவர் எழுதியவற்றில் ஒரு கட்டுரையை உலகமெங்கும் மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டினார்கள்; அதுதான் சைட்டேஷன். கட்டுரையில் என்ன இருக்கிறது என்று தம்பி ஜியாவுல்லாவுக்குத் தெரியாது. எத்தனை பேர் எடுத்துக்காட்டினார்கள் என்பது மட்டும் அத்துப்படி. கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல அக்காவுக்கு போன் போட்டுக் கேட்பார். அவர் மேனேஜராக இருக்கும் ஆம்பூர் தோல் டேனரியிலும் வருஷா வருஷம் ரத்தம் எடுத்து, பெரும்பாலும் 'நார்மல்' என்று ரிப்போர்ட் கொடுப்பார்கள். அந்த நார்மல் அளவு குர்ஷித்தின் கட்டுரையிலிருந்து எடுத்ததுதான்.

கஃபன் துணி சுற்றி முடித்ததும் உமைமா மாமுவைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போனாள்.

"அந்த நம்பரச் சொல்லாதீங்க மாமு."

"ஏன்? பேஜார் பண்ணாத. ஒருத்தர் கொடுத்த கல்வி அவர் போன பின்னாடியும் நன்மை சேத்துக்கிட்டே இருக்கும்னு பள்ளிவாசல் ஹஸ்ரத்தே சொல்றாரு. எவனோ ஜப்பான்ல அக்கா பேர எழுதுனா, இங்க கப்ருல அக்காவுக்கு வெளிச்சம்."

"எழுதுனது தப்பா இருந்தா?"

"இன்னா?"

அவள் சொன்னாள். தோல் பதனிடும் குரோமியம் உடம்பில் படாதவர்களின் ரத்தம் எப்படி இருக்கும் என்று பார்க்க, விரிஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஆற்றோரத்தில் ஓர் ஊரை அம்மி தேர்ந்தெடுத்திருந்தார். டேனரி வாசலைக்கூட மிதிக்காத விவசாயக் குடும்பங்கள். ஆனால் டேனரிக் கழிவு கலந்த பாலாறுதான் அவர்கள் கிணறுகளில் ஊறியது. அவர்களுக்கே குரோமியம் ஜாஸ்தி. அதைத்தான் அம்மி நார்மல் என்று எழுதிவிட்டார்.

"இது யாருக்குத் தெரியும்?" மாமுவின் குரல் இறங்கியிருந்தது.

"அம்மியேதான் கண்டுபிடிச்சாங்க. கட்டுரை வந்த பத்திரிகைக்கும் எழுதிட்டாங்க. அவங்க திருத்தம் போட மாசக்கணக்காகுமாம். நேத்து ஆஸ்பத்திரில திரும்பத் திரும்ப இதயேதான் கேட்டாங்க. 'ஆம்பூர்ல அத யாரு படிக்கப் போறா? இங்க யாரு சொல்றது?'"

"அதுக்கு இன்னிக்கேவா? மையித்த வெச்சுக்கிட்டா?"

"இன்னிக்குதான் எல்லாரும் வந்திருக்காங்க. நல்லது அவங்களுக்குப் போய்ச் சேரும்னா இதுவும் சேரும்ல மாமு? ஒவ்வொருத்தன் எடுத்து எழுதறப்பவும்?"

மாமு அவளைக் கோபமாகப் பார்த்தார். "என் வேல போய்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். உமைமாவுக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அக்காவைப் பறிகொடுத்த மனிதரை இந்த நேரத்தில் இப்படிப் பிடித்து உலுக்கிவிட்டோமே என்று தன்மேலும் வந்தது.

அஸர் தொழுகைக்கு முன்னால் சந்தூக்குப் பெட்டியை வாசலில் இறக்கி வைத்தார்கள். பெண்கள் திரைக்குப் பின்னால் நின்றார்கள். தெரு நிறைய டேனரி ஆட்கள்; ஷிப்டிலிருந்து நேராக வந்தவர்களே அதிகம்.

"எங்க அக்கா யாருக்காவது சொல்லாலயோ செயலாலயோ கஷ்டம் கொடுத்திருந்தா..." என்று மாமு ஆரம்பித்தார். எல்லாச் சாவு வீட்டு வாசலிலும் கேட்கிற வேண்டுகோள்தான். மன்னித்துவிட்டோம் என்று சொல்லக் கூட்டத்தின் உதடுகள் தயாராக இருந்தன. மாமு நிறுத்திவிட்டார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். உமைமா திரையைக் கசக்கிப் பிடித்திருந்தாள்.

"நம்ம கம்பெனி ரிப்போர்ட்ல நார்மல்னு போடறாங்களே, அந்த அளவு எங்க அக்கா எழுதுனது. அது தப்பு. அக்காவே சொல்லிட்டாங்க. நார்மல்னு வந்தவங்கல்லாம் மறுபடி டாக்டர்கிட்ட காட்டுங்க. அக்காவ மன்னிச்சிருங்க."

ஆட்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த, தோலை ஊறவைக்கும் டிரம் பிரிவு வேலாயுதம்தான் கேட்டான்.

"அப்ப எனக்கு நார்மல் இல்லியா சார்?"

மாமு அவனை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். ஹஸ்ரத் கையசைக்க, கலிமா சொல்லிக்கொண்டே தூக்கினார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றிச் சந்தூக் நகர்ந்தது. பக்கத்தில் வந்ததும் வேலாயுதமும் உள்ளே புகுந்து தோள் கொடுத்தான். தெருமுனைவரை சுமந்துவிட்டு, அடுத்த ஆளுக்கு விட்டு விலகி நின்றான். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டி, ஊசி குத்தும் இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.