பிள்ளை தூக்கியவன்

ஜெஸ்பின் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ரீத்தா உள்ளே வந்து, அவள் கையிலிருந்த சட்டியை வாங்கித் தரையில் வைத்தாள். ஜெஸ்பினின் கணவன் கபிரியேலின் அக்கா அவள். அதே இலங்கை அகதிகள் முகாமில் அடுத்த வரிசை வீட்டில் இருந்தாள்.

"தம்பி விழுந்திட்டான், ஜெஸ்பின். இரணியல் பக்கம், பெயின்ட் அடிச்ச வீட்டில சாரம் சரிஞ்சிட்டுதாம்."

"எந்த ஆஸ்பத்திரி?"

ரீத்தா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னேரம் பிள்ளைக்குப் பால்மா வாங்கிக்கொண்டு வாறன் எண்டவர்" என்றாள் ஜெஸ்பின். பிறகு குனிந்து சட்டியை எடுத்து, தண்ணீரை வடித்து, அரிசியை அடுப்பில் ஏற்றினாள். யாரும் தடுக்கவில்லை. சோறு அடிப்பிடித்த மணம் வந்தபோது யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

மறுநாள் மதியம்தான் உடலைக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. காதோரம் மட்டும் வெள்ளைப் பெயின்ட் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கை எழவில்லை. அழுகையும் வரவில்லை.

"பெத்த பிள்ளையையே தொடாதவள்" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. "புருசனுக்கா அழப்போறாள்?"

அது முகாம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஜெமி பிறந்து மூன்று மாதம் ஆகிறது. ஜெஸ்பினின் அம்மா அதற்கு முன்பே மன்னாருக்குத் திரும்பியிருந்தாள். பிரசவத்துக்கு வர வழியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் ஜெஸ்பினுக்கு உறக்கம் போயிற்று. பிள்ளை அழுதால் பக்கத்து வீட்டில் யாரோ அழுவதுபோல் இருக்கும். கூரையைப் பார்த்தபடி கிடப்பாள். கபிரியேல் அதற்காக ஒரு சொல் கடிந்ததில்லை. காலையில் பால் கரைத்துக் கொடுத்து, பிள்ளையை ரீத்தாவிடம் விட்டுப் போவான். வேலை முடிந்து வந்ததும் வாங்கிக்கொள்வான். கிராம நர்ஸ் சண்முகவடிவிடம் போய்ச் சொன்னதும் அவன்தான். அவள் ஜெஸ்பினை டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள்.

"எனக்கு இந்தப் பிள்ளை மேல ஒண்டும் வருகுதில்லை" என்று ஒருநாள் ஜெஸ்பின் அவனிடம் சொல்லிவிட்டாள்.

"வராட்டி இருக்கட்டும். வாற வரைக்கும் நான் தூக்கிறன்" என்றான் அவன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது ஜெமி கதறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கையாக மாறியும் அடங்கவில்லை. பால் பாட்டிலைத் தட்டிவிட்டாள். ரீத்தா பிள்ளையின் துணிகளை ஒரு பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை இனி என்னோட இருக்கட்டும். இவளை நம்பி விடேலாது."

வாசலில் நின்ற சண்முகவடிவு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "அப்பிடிச் செய்யாத மக்கா. அவளுக்கு உள்ளது சீக்கு, கொணக்கேடு இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணா கெடக்கட்டும், நீயும் கூட இரி. பிள்ளயப் பிரிச்சா அவ பின்ன எந்திரிக்க மாட்டா."

"தம்பிய மண்ணுக்குள்ள வச்சிட்டு வந்திருக்கிறன், நர்ஸம்மா. இதையும் என்னால குடுக்கேலாது."

ஜெஸ்பின் எழுந்தாள். பிள்ளையை வைத்திருந்த பெண் ரீத்தாவின் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் ஜெஸ்பின் வாங்கிவிட்டாள். தோளில் போடவில்லை. இடது முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையை முழங்கை மடிப்பில் வைத்து, முதுகை வட்டமாகத் தேய்த்தாள். கபிரியேல் அப்படித்தான் தூக்குவான். சுவரோரம் படுத்து, பார்க்காததுபோல எத்தனையோ மாலைகள் அவள் பார்த்திருக்கிறாள்.

அழுகை உடனே நிற்கவில்லை. விக்கலாகி, மெல்லத் தேய்ந்தது. அவளுக்குள் எதுவும் பொங்கவில்லை. கை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"அவரைத் தேடுறாள்" என்றாள் ஜெஸ்பின், யாரையும் பார்க்காமல்.

ரீத்தா பையை மூடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

வெளியே, வாடகை நாற்காலிகளை எடுத்துப்போக வண்டி வந்திருந்தது. பிள்ளையோடு வாசலுக்கு வந்த ஜெஸ்பின் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலிக்காரர் மற்றவற்றை அடுக்கி வண்டியில் ஏற்றினார். கடைசியாக அவளருகே வந்து பிள்ளையைப் பார்த்தார். பிறகு அந்த ஒன்றை விட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.