கோலில் ஒரு வெட்டு

விடிந்ததும் ஆடுகள் தெருவில் சேர்ந்துகொண்டிருந்தன. துய்ஷோன் வீட்டுச் சினையாட்டைக் கண்டதும் அனார்குல் குனிந்து அதன் மடியைத் தொட்டாள்.

"மாமா, மடி இறங்கிடுச்சு, குட்டி போடப்போவுது. இன்னைக்கு வீட்லயே கட்டிப் போடுங்க."

தேநீர்க் கிண்ணத்தோடு வாசலில் நின்ற துய்ஷோன் உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் பத்து நாள் கெடக்கு. ஏன் மருமவளே, மாஸ்கோவுல இருந்து உன் புருஷன் போன் போட்டுச் சொன்னானாக்கும்?"

எதிர்வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அனார்குல் பல்லைக் கடித்துக்கொண்டு மந்தையை ஓட்டினாள்.

ஊரில் முப்பத்தாறு வீடுகள். நாளுக்கு ஒரு வீடு எல்லார் ஆட்டையும் மலைக்கு ஓட்டிப்போக வேண்டும். அதற்கான கோல் வீடு வீடாகக் கைமாறும். கோலில் வீட்டுக்கு ஒரு வெட்டு. அனார்குலின் புருஷன் மெலிஸ் கட்டட வேலைக்கு மாஸ்கோ போன வருஷமே, ஆம்பளை இல்லாத வீட்டுக்கு முறை எதற்கு, ஆட்டை விற்றுத் தொலைக்கட்டும் என்று ஊர்ப் பெரியவரான துய்ஷோன் அந்த வீட்டு வெட்டைச் சீவி எடுத்துவிட்டார். முறை இல்லாத வீட்டு ஆட்டுக்கு ஊர் மந்தையில் இடமில்லை. இரண்டு வருஷமாக அனார்குல் தன் பதினோரு ஆடுகளையும் தனியாக மேய்த்து ஓய்ந்துபோனாள். போன வாரம் ஊர்க்கூட்டத்தில் மல்லுக்கு நின்றுதான் இந்த ஒரு நாளை வாங்கினாள். ஓர் ஆடு குறைந்தாலும் அதோடு சரி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

மத்தியானம் ஈரப்பனி பிடித்துக்கொண்டது. எதிரே நிற்கும் ஆடே தெரியவில்லை. அவள் குரல் கொடுத்துக் கொடுத்தே மந்தையைச் சரிவிலிருந்து இறக்கினாள். ஊருக்குள் வந்ததும் ஆடுகள் தானாகப் பிரிந்து அவரவர் பட்டிக்குப் போயின. துய்ஷோன் மட்டும் கதவைத் திறந்து வைத்தபடி நின்றார்.

"என் சினையாடு எங்க?"

அனார்குல் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் எந்த ஆடும் வரவில்லை.

"ஓநா தின்னுடுச்சுன்னா அடையாளத்துக்குக் காதையாவது கொண்டா. அதுதான வழக்கம்."

அவள் வந்த வழியே திரும்பி ஓடினாள். பகலெல்லாம் அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தும் கோட்டை விட்டோமே என்று அழுகை முட்டியது. ஓடைக்கு மேலே, புதரின் மறைவில் அந்த ஆடு நின்றிருந்தது. காலடியில் ஈரம் காயாத குட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

குட்டியை மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு, தாய் கத்தியபடி பின்னால் வர, இருட்டுவதற்குள் துய்ஷோன் வாசலில் வந்து நின்றாள். ஊரே கேட்கும்படி கத்தினாள்.

"சுயுஞ்சு! சுயுஞ்சு!"

நல்ல சேதி கொண்டுவந்தவர் அப்படிக் கூவிவிட்டால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவனும் மறுக்க முடியாது. அவள் குட்டியை வாசலில் இறக்கி விட்டாள். எதிர்வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

துய்ஷோன் குட்டியைப் பார்த்தார். காலையில் அவள் தொட்ட மடியையும் பார்த்தார். "என்ன வேணும்? என் வீட்டுக்காரிகிட்ட புதுச் சால்வை இருக்கு."

அனார்குல் கோலை நீட்டினாள். "என் வீட்டு வெட்டு."

"மெலிஸ் பேர்லயா?"

"அவரு மாஸ்கோவுல இருக்காரு மாமா. மேய்க்கிறது நானு."

அவர் இடுப்பிலிருந்து கத்தியை உருவி, கோலை முழங்காலில் வைத்து ஒரு வெட்டுப் போட்டார். நடுங்கும் கால்களில் எழுந்து நின்ற குட்டி, பனியில் விழுந்த மரச்சீவலை முகர்ந்து பார்த்தது.