துண்டு போட்ட பெஞ்சு

எண்ணூரிலிருந்து கடற்கரைக்குப் போகும் காலை வண்டியில் ஏறுவதென்றாலே பட்டம்மாளுக்கு வயிற்றைப் புரட்டும். மீன் செதிளிலும் கருவாட்டிலும் பிறந்து வளர்ந்தவள் அவள். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துகிற ஆள் இல்லை. அவளுக்கே குமட்டுகிறது என்றால் அந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியின் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. குழாயில் தண்ணீர் வந்ததை யாரும் கண்டதில்லை. உள்ளே தேங்கி நிற்பது வண்டி ஆடுகிற ஆட்டத்தில் வெளியே வழிந்து வரும். அதன்மேல் வெற்றிலை எச்சில், கடலைத் தோல், எவனோ எடுத்த வாந்தி. இத்தனையையும் மிதித்துக்கொண்டு வருகிற ஆபீஸ்காரர்கள், மூக்கைப் பிடிப்பது மட்டும் அவளுடைய கூடையைப் பார்த்துத்தான்.

அதற்காகவே அவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். மீன் தண்ணீர் சொட்டி எவன் செருப்பையும் தொட்டுவிடக் கூடாதென்று கூடைக்கு அடியில் ஒரு தகர டின்னைக் கொடுத்து வைப்பாள். நிரம்பினால் கதவோரம் போய் வெளியே ஊற்றுவாள். குப்பத்து மீன்காரிகள் எல்லோரும் அப்படித்தான். யாரும் சட்டம் போடவில்லை. அடுத்தவர் வாய்க்குப் பயந்து வந்த மரியாதை அது.

அன்றைக்குக் கூடையோடு மகள் கன்னியம்மாவும் வந்தாள். தலைப்பிரசவம். கரையில் மீன் எடுத்துக்கொண்டிருக்கும்போதே வலி கண்டுவிட்டது. குப்பத்து மருத்துவச்சி தேவகிருபை வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"புள்ள குறுக்கால கீது பட்டு. என்னால ஆவாது. ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடு. படுக்க வெச்சே இட்டுனு போ. நிக்க வெச்சின்னா ரெண்டு உசுரும் உனக்கு இல்ல."

மாட்டுவண்டியில் போனால் குலுக்கலிலேயே கதை முடிந்துவிடும். ரயிலை விட்டால் கதியில்லை. மகளை ஒரு கையிலும் கூடையை இடுப்பிலுமாகத் தாங்கிக்கொண்டு பட்டம்மாள் ஏறினாள். கூடையை டின்னோடு கீழே இறக்கினாள். மகளைப் படுக்க வைக்க இடமில்லை, நிற்கத்தான் இடமிருந்தது. தரையில் கிடத்தலாமென்றால் கக்கூஸ் தண்ணீர் நெளிந்து வந்துகொண்டிருந்தது.

ஜன்னலோர பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். நாலாவது இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தது. அது மனோகரன் சாரின் இடம். அவர் திருவொற்றியூரில் ஏறுவார். அவருக்காக எண்ணூரிலேயே துண்டு போட்டுவிடுவார்கள். துண்டு விழுந்த இடத்தில் உட்காருவது அடுத்தவன் இலையில் கை வைப்பது மாதிரி. பட்டம்மாளும் இத்தனை வருஷமாக அந்த நியாயத்தை மீறியதில்லை.

துண்டுக்குப் பக்கத்தில் துறைமுக ஆபீஸ் கிளார்க் கோதண்டம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். நம் நாட்டுக்கு ரயில் வந்து நூறு வருஷமாகிவிட்டதாம்.

"ஆசியாவுலயே நம்ம ரயிலுதான் பெரிசு, தெரியுமா? பம்பாயில கரண்டு வண்டி. நம்ம தாம்பரத்துக்கும் கரண்டு வண்டி. லண்டன்ல பூமிக்கு அடியிலயே வுட்டுக்கீறான். நம்ம ஊருக்கும் ஒரு நாள் வரும், எழுதி வெச்சிக்குங்க."

"நைனா," என்றாள் பட்டம்மாள், "பொண்ணுக்கு வலி கண்டுகிச்சு. புள்ள குறுக்கால கீதாம். படுக்க வெச்சி இட்டுனு போவணும். கொஞ்சம் எழுந்து எடம் குடுங்க."

"ஆள் வராங்கம்மா. துண்டு தெரியல?"

"அந்த எடத்தையாவது குடு நைனா. சாஞ்சினாவது வரட்டும்."

"திருவொற்றியூர்ல மனோகரன் சார் ஏறுவாரு. அவருக்கு இன்னா பதில் சொல்றது? கூடையத் தள்ளி வை மொதல்ல. நாறுது."

மற்ற இருவரும் ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்தார்கள். அதில் அப்படி என்ன அதிசயமோ. கன்னியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

திருவொற்றியூர் வந்தது. கூட்டம் ஏறியது. மனோகரன் சார் ஏறவில்லை. வண்டி கிளம்பிவிட்டது, துண்டு மட்டும் நகரவில்லை.

"அதான் வரலியே," என்றாள் பட்டம்மாள்.

"தண்டையார்பேட்டைல ஏறினாலும் ஏறுவாரு. மாமனார் வூடு அங்கதான்," என்றார் கோதண்டம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

கன்னியம்மாவின் முழங்கால் மடிந்தது. விழப் போனவளைத் தோளில் தாங்கிக்கொண்ட பட்டம்மாளுக்கு அந்த மூன்று முகங்களையும் பார்க்கப் பார்க்க அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. இவர்களுக்கு அந்தக் கக்கூஸ் தண்ணீரே பரவாயில்லை என்று தோன்றியது. குனிந்து கூடைக்கு அடியிலிருந்த டின்னை எடுத்தாள். நிரம்பியிருந்தது. கதவுப் பக்கம் போகவில்லை. பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், துண்டு, வேட்டி, பேப்பர் என்று ஒன்றையும் விடாமல் நிதானமாக ஊற்றினாள்.

மூன்று பேரும் நெருப்பை மிதித்தவர்களாக எழுந்தார்கள். கோதண்டம் வேட்டியை உதறிக்கொண்டு வாயில் வந்தபடி ஏசினார். பக்கத்தில் நின்றவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். பெஞ்சு முழுக்கக் காலி.

பட்டம்மாள் அந்த வெள்ளைத் துண்டாலேயே பலகையைத் துடைத்து, துண்டை ஜன்னல் வழியாக எறிந்தாள். மகளைப் படுக்க வைத்துத் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"என் பொண்ணு இந்தத் தண்ணியிலயே வளந்தவ. உங்களுக்குத்தான் ஆவாது. நில்லுங்க," என்றாள்.

ராயபுரத்தில் போர்ட்டர் காஜா மொய்தீன் சாமான் வண்டியில் கன்னியம்மாவைக் கிடத்தி ஆஸ்பத்திரி வாசல் வரை தள்ளிக்கொண்டு போனான். கத்தி வைத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு உயிரும் தங்கின.

அதன்பிறகு கொஞ்ச நாள் கழித்துத்தான் பட்டம்மாள் மறுபடி கூடையோடு வண்டி ஏறினாள். அதே பெஞ்சு, அதே ஆட்கள், புதுத் துண்டு. திருவொற்றியூரில் மனோகரன் சார் ஏறினார். உட்கார்ந்தவர் அவளைப் பார்த்ததும் கூச்சத்தோடு பாதி எழுந்தார்.

"அன்னிக்கு நடந்தத சொன்னாங்கம்மா. எனக்கு மனசே ஆறல. ரெண்டு நாள் லீவுல போறேன், துண்டு போட வேணாம்னு முந்தின நாளே கோதண்டத்துகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

கோதண்டம் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். காலை அகட்டிக் காற்றோட்டமாக உட்கார்ந்து போவதற்குத்தான் அந்தத் துண்டு. வேறெதற்கும் இல்லை. இரண்டு உயிரை எதிரே நிற்க வைத்துவிட்டு, லண்டன் ரயிலைப் பற்றிப் பேசியிருக்கிறான் மனுஷன்.

"நீ உக்காரும்மா," என்று மனோகரன் சார் எழுந்து நின்றார்.

பட்டம்மாள் அந்தப் பலகையைப் பார்த்தாள். அதில் உட்காரவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"வேணாம் சார்," என்றாள். போய்க் கதவோரம் தன் பழைய இடத்தில் குந்திக்கொண்டு கூடையைத் தரையில் வைத்தாள். அடியில் டின் இல்லை. மீன் தண்ணீர் கசிந்து, வண்டியின் ஆட்டத்துக்குத் தகுந்தபடி பெஞ்சுக்கு அடியில் ஓடியது. கோதண்டம் செருப்பைத் தூக்கிக் காலை மடக்கி வைத்துக்கொண்டார்.