நாற்பத்தேழாவது துண்டு

எங்கள் ஆய்வகத்தில் கத்தரிக்கோலை எடுத்தால் மின்விசிறி போடக்கூடாது. மேஜைமேல் ஒரே ஆளின் படம்தான் இருக்கவேண்டும். ஹைதராபாத் மே மாத மதியம் ஒன்றில் இரண்டு விதியையும் மீறினேன்.

என் வேலை இதுதான். ரத்தத்தை மூன்று நாள் வளர்ப்போம். செல் தன் குரோமோசோம் ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, இரண்டும் இடுப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது, பிரிய விடாமல் மருந்து ஊற்றி நிறுத்துவோம். அதைப் படம் பிடித்துத் தருவார்கள். நான் ஒவ்வொன்றாக வெட்டி, ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டுவேன். மொத்தம் நாற்பத்தாறு வரவேண்டும்; ஒன்று கூடினாலும் அது பிறவிக் கோளாறு.

சாயம்மாவின் எட்டு மாதக் குழந்தைக்கு நாற்பத்தேழு வந்தது. இன்னும் கழுத்து நிற்காத பிள்ளை. விசிறிக் காற்றில் பக்கத்துப் படத்தின் துண்டு ஒன்று பறந்து கலந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். இருபத்தொன்றாம் ஜோடியில் மூன்று கிடந்தன. ஒன்றை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

சாயம்மா வராந்தாவில் காத்திருந்தாள். தாண்டூர்க் குவாரியில் கல் சுமப்பவள். என் அப்பா இடுப்பொடிந்து படுத்ததும் அதே குவாரியில்தான். முடிவைச் சொல்லவேண்டியவர் டாக்டர் கமலினி. அவர் மைக்ராஸ்கோப்பில் எண்ணி முடிக்க இன்னும் ஒரு வாரம் ஆகும். ரயிலுக்கு நேரமாயிற்று என்று சாயம்மா கதவருகே வந்து தயங்கி நின்றாள். ஊர்க்காரி முன்னால் பெரிய ஆளாகத் தெரியவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது.

"ரத்தத்துல ஒரு கோளாறும் இல்ல சாயம்மா. எண்ணிக்கை சரியா இருக்கு. தைரியமா போ."

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அரை மணி கழித்துத்தான் பக்கத்துப் படத்தின் துண்டுகளை எண்ணினேன். நாற்பத்தாறு. ஒன்றும் பறந்து வரவில்லை. குப்பைக் கூடையைக் கிளறி அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். அட்டையில் அதன் இடத்தில் ஒட்டினேன். அட்டை சரியாகிவிட்டது. நான் சொன்ன சொல் தாண்டூர் ரயிலில் போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

பத்து நாள் கழித்து டாக்டரின் கடிதம் கண்டு சாயம்மா வந்தாள். அட்டையைப் பிடித்துக் காட்டும் வேலை எனக்கு. கருவுக்கு முன்னாலேயே, பிரியவேண்டிய ஒரு ஜோடி பிரியாமல் போயிருக்கிறது, பிறகு செல்லுக்குச் செல் அந்த மூன்றுமே நகலாகி வந்திருக்கின்றன, இதில் யார்மேலும் குற்றமில்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பிறகு குழந்தையின் சட்டையைத் தூக்கினார். வயிற்றில் நாலு இடத்தில் சூடு. வளையலைக் காய்ச்சி வைத்தது. இன்னும் ஆறவில்லை.

"ரத்தம் நல்லா இருக்குன்னா உன் பாலுதான் ஆகல, வாயு சேர்ந்திருக்கு, சூடு வெச்சா சரியாயிடும்னு மாமியார் சொன்னாங்க" என்றாள் சாயம்மா.

"ரத்தம் நல்லா இருக்குன்னு யாரும்மா சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்தேன்.

"வராந்தாவுல யாரோ சொன்னாங்க மேடம்."

கண்டவர் பேச்சைக் கேட்டுப் பெற்ற பிள்ளையைச் சுட்டாயே என்று டாக்டர் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் தலை நிமிரவில்லை. நான் அட்டையைப் பிடித்தபடி நின்றேன்.

வெளியே ஓடிப்போய், ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். சாயம்மா குழந்தையின் சட்டையைப் புண்ணில் உரசாமல் இழுத்துவிட்டாள்.

"சொன்னா உனக்கு வேலை போயிடும்ல அக்கா. நம்ம குவாரியில இருந்து இங்க வந்தது நீ ஒருத்திதான்."

திரும்பி உள்ளே நடந்தேன். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மேடம், வராந்தாவுல சொன்னது நான்தான்."

அவர் குழாயை மூடினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"தப்புன்னு உனக்கு எப்போ தெரியும், பாலமணி?"

"அன்னைக்கே, மேடம்."